லைன் யார் கையில்? றொசல்லயில் ரயில் மணி முதல் ரவுட்டர் வரை

 

எங்கள் வீட்டில் இருவருமே ஆசிரியர்கள் என்பதாலோ என்னவோ, பள்ளிக்கூட வாசலிலும் பஸ் ஹோல்ட்டிலும் கலியாண வீட்டிலும் எங்களிடம் வரும் கேள்வி இப்போது ஒன்றுதான். “வீட்டுக்கு எந்த லைன் எடுக்கலாம்? பைபர் வருமா, ரவுட்டர் போதுமா? வாட்ஸ்அப் இருக்கும்போது வீட்டு போன் எதுக்கு?” மகன் வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனிக்கு வேலை செய்கிறான். மகள் சூமில் டியூஷன் எடுக்கிறாள். தையல் ஓடர் எல்லாம் போனில்தான் வருகிறது. கட்டில் மூலையே ஒபிஸ் ஆகிவிட்ட காலத்தில் கேட்க வேண்டிய கேள்விதான்.

விலைப்பட்டியலைப் பார்த்து விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பட்டியல் நாம் வாசித்து முடிப்பதற்குள் மாறிவிடும். எங்கள் மலைநாட்டில் போன் வந்த கதையைப் பார்த்தால் மாறாத கேள்வி ஒன்று தெரிகிறது: நாம் பேசும் பேச்சு யாருடைய கையைத் தாண்டிப் போகிறது? அந்தக் கை மூடிக்கொண்டால் நமக்கு வேறு வழி உண்டா? பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் ஊரில் கம்பி வழியே செய்தி போன முதல் இடங்களில் ஒன்று ரயில் ஸ்டேஷன். இலங்கையில் தந்தி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் தொடங்கியது. ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து மலையேறப் பத்து வருடம் எடுத்து, 1884இல் ஹற்றனைத் தொட்டது. அடுத்த வருடம் நானுஓயா. வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் றொசல்லயும் அந்தப் பாதையில்தான் உட்கார்ந்திருக்கிறது. பாதை போட்டது எங்களுக்காக இல்லை, முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும். ஆனாலும் பாதையோடு கம்பியும் வந்தது.

ஓடும் ரயிலில் டிரைவர் பக்கத்திலிருந்து ஒரு வளையத்தை நீட்ட, ஸ்டேஷன் ஆள் அதை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பதைச் சிறுவயதில் வாய் பிளந்து பார்த்திருப்போம். வளையத்தோடு இருக்கும் பையில் டெப்லட் எனப்படும் உலோக வில்லை ஒன்று இருக்கும். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் முகத்துக்கு முகம் வராமல் காப்பது அதுதான். இந்த ஸ்டேஷன் மாஸ்டர் மணிக் குறியால் அடுத்த ஸ்டேஷனிடம் “பாதை காலியா?” என்று கேட்பார். அங்குள்ளவர் தன் கருவியை அழுத்திச் சம்மதம் சொன்னால்தான் இங்கே ஒரு வில்லை வெளியே வரும். அது உள்ளே திரும்பும் வரை அடுத்தது வராது. இரண்டு பக்கமும் சம்மதித்தால் மட்டுமே வேலை செய்யும் அந்த ஏற்பாட்டை, பேச்சு என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு விளக்க வகுப்பில் நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம்.

அந்தக் கம்பியில் ஊர்க்காரன் பேச முடியாது. அடுத்த கம்பி தோட்டத்துக் கந்தோருக்குப் போனது. கைபிடியைச் சுழற்றினால் எக்ஸ்சேஞ்சில் ஒருவர் எடுப்பார், வேண்டிய ஊரைச் சொன்னால் இணைத்துவிடுவார். கந்தோரில் இருந்த அந்தப் போன் துரைக்கும் தொழிற்சாலைக்கும் கொழும்பு ஏஜென்சிக்கும் உரியது. லயத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால், ஆள் ஓடிப்போய்க் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, அவர் மேலே சொல்லி, அதன் பிறகுதான் ஒரு கோல். கடிதமும் அப்படியே. தபால் பை கந்தோருக்கு வரும், அங்கே பிரிக்கப்பட்டு, யாராவது கொண்டுவந்து தந்தால் உண்டு. லயத்து வீட்டுக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும்தான் விலாசம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்த கதை நம்மில் எத்தனை குடும்பங்களில் இருக்கிறது! இந்த விலாசப் பிரச்சினையை நினைவில் வைத்திருங்கள். பைபர் எடுக்கும் இடத்தில் மறுபடியும் எழும்பி வரும்.

டவுனில் நிலைமை கொஞ்சம் வேறு. ஹற்றன் கடை வீதியில் வியாபாரம் செய்த எங்கள் ஆட்கள் சிலரின் கடைகளில் போன் இருந்தது. அது கடைக்காரரின் போன் என்றாலும் தெருவின் போனாகத்தான் நடந்தது. கொழும்பிலிருந்து கோல் வந்தால், “இன்னார் வீட்டில் சொல்லுங்க, அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுக்கிறோம்” என்பார்கள். பையன் ஒருவன் ஓடுவான். மௌத்துச் செய்தி, பிள்ளை பிறந்த செய்தி, பிறை தென்பட்ட செய்தி எல்லாமே அந்தக் கடை மேசை வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. ரகசியம் என்று எதுவும் இல்லை. சம்பந்தம் பேசும் விடயம் கூடச் சீனி நிறுக்க வந்தவருக்குத் தெரிந்துவிடும்.

போனுக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 1980 வரை தபாலும் தொலைத்தொடர்பும் ஒரே திணைக்களம், அந்த வருடம்தான் இரண்டும் பிரிந்தன. 1990இல் நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 1 கோடியே 70 இலட்சம். நாடு முழுவதிலும் இருந்த தொலைபேசி இணைப்புகளோ 1,20,000 அளவில்தான். அதில் பெரும் பங்கு கொழும்பில். மலைக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதே காலத்தில்தான் எங்கள் வீடுகளிலிருந்து பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் டுபாய்க்கும் போனார்கள். ஒரு நிமிடம் பேச அவ்வளவு காசு. அதனால் பல வீடுகளில் கெசட் கடிதம்தான் பேசியது. வெற்று நாடாவில் உம்மா பேசிப் பதிந்து, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிடுவார். இங்கே குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கும். பிள்ளை பதில் சொல்லி இன்னொரு கெசட் அனுப்பும். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் இரண்டு மாதம். இன்று வாட்ஸ்அப்பில் வொய்ஸ் மெசேஜ் அனுப்பும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் செய்வது அதே வேலைதான்.

பிறகு ‘கொமினிகேஷன்’ கடைகள் வந்தன. கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஸ்டூல், மேலே சிவப்பு இலக்கத்தில் ஓடும் மீற்றர். பேசுகிறவரின் கண் மீற்றரில், காது போனில். தோட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை நடந்து வந்து, வரிசையில் நின்று, மூன்று நிமிடத்தில் முழு வீட்டுக் கதையும் சொல்ல வேண்டும். அழுவதற்குக் கூட நேரம் பார்க்க வேண்டியிருந்தது. விலை ஏன் அப்படி இருந்தது என்பதற்குக் காரணம் உண்டு. 1991இல் தொலைத்தொடர்புத் திணைக்களம் ஸ்ரீலங்கா டெலிகொம் கூட்டுத்தாபனமானது. 1997இல் அதன் 35 சதவீதப் பங்கை ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் வாங்கியது. வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் தனியுரிமை 2002 ஓகஸ்ட் வரை டெலிகொமிடமே இருந்தது. 2003இல் வேறு நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு இணைப்பு உரிமம் கொடுத்த பிறகுதான் விலை விழுந்தது. ஒரே கதவு இருந்தவரை அந்தக் கதவின் விலைதான் உம்மாவின் குரலுக்கும் விலை.

மொபைல் போன் விடயத்தில் இலங்கை முந்திக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். தென்னாசியாவின் முதல் மொபைல் சேவை 1989இல் செல்டெல் மூலம் இங்கேதான் தொடங்கியது. 1995இல் டயலொக் வந்தது. ஆனால் மலைப் பள்ளத்தாக்குகளுக்குள் சிக்னல் எட்டப் பல வருடம் பிடித்தது. எடுக்கும் கோலுக்கு மட்டுமல்ல, வரும் கோலுக்கும் காசு கட்டிய காலம் ஒன்று இருந்தது. எங்கள் தலைமுறை மிஸ்ட் கோல் மொழியைக் கற்றது. ஒரு ரிங் என்றால் ஊருக்கு வந்து சேர்ந்தாயிற்று, இரண்டு ரிங் என்றால் திருப்பி எடு. ஆசிரியர் கலாசாலை விடுதியில் இருந்தபோது இந்த மொழியில் நாங்கள் பட்டமே வாங்கியிருந்தோம்.

தோட்டப்புறத்துக்கும் கிராமத்துக்கும் வீட்டு போனைக் கொண்டுவந்தது கம்பியில்லாத சி.டி.எம்.ஏ. போன்தான். 1996இலேயே சன்டெல், லங்கா பெல் என்ற இரண்டு நிறுவனங்களுக்குக் கம்பியில்லா வீட்டு போன் உரிமம் கிடைத்திருந்தாலும், 2005க்குப் பிறகே அலை அடித்தது. இரண்டே வருடத்தில் நாட்டின் நிலையான இணைப்புகள் 12 இலட்சம் அளவிலிருந்து 27 இலட்சத்தைத் தாண்டின. கம்பி இழுக்கத் தேவையில்லை, கம்பம் நடத் தேவையில்லை, தோட்டத்துக்குள் குழி வெட்ட அனுமதி கேட்கத் தேவையில்லை. சிக்னல் குறைந்த வீட்டில் கூரைக்கு மேல் மீன் முள் மாதிரி ஒரு அன்டெனா. லயத்து அறைக்குள் முதல்முறை மணி அடித்த போன் பெரும்பாலும் அதுதான்.

பழைய போன் டயரி இருந்தால் எடுத்துப் பாருங்கள். எங்கள் ஹற்றன் பகுதிக் குறி 051. நாவலப்பிட்டி 054, நுவரெலியா 052. குறிக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம் 2 அல்லது 3 என்றால் அது டெலிகொம் இலக்கம். 5 என்றால் லங்கா பெல். 4 என்றால் சன்டெல், அது 2012இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. 7 டயலொக். எந்த வீடு எந்தக் காலத்தில் யாரிடம் போன் வாங்கியது என்பதை அந்த ஒற்றை இலக்கமே சொல்லிவிடும். வரலாற்றுப் பாடத்தில் நாணயத்தை வைத்து அரசனைக் கண்டுபிடிப்பது போல.

இனி இன்டர்நெட் போன். கணினியில் இணையம் வழியாகப் பேசும் மென்பொருளை 1995இல் வோக்கல்டெக் என்ற இஸ்ரேலிய நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்கு விட்டது. ஸ்கைப் 2003 ஓகஸ்டில் வந்தது, 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. வைபர் 2010 டிசம்பர். வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு 2015. இவற்றோடு இமோவும் சேர்ந்தபோது கொமினிகேஷன் கடை ஒவ்வொன்றாக போட்டோக் கொப்பிக் கடையாக மாறியது. மீற்றர் நின்றது. நோன்பு துறக்கும் நேரத்தில் ஜித்தாவில் இருக்கும் தாயும் றொசல்லயில் இருக்கும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருக்கிறது என்பதால் தாய் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆனால் கை விலகிவிட்டதா? இல்லை, வேறு கை வந்தது. சவூதி அரேபியா 2013 ஜூனில் வைபரைத் தடுத்தது. 2017 செப்டம்பரில்தான் இணைய அழைப்புத் தடையைத் தளர்த்தியது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வாட்ஸ்அப் அழைப்பு தடுக்கப்பட்டு, அனுமதி பெற்ற செயலிகளை மட்டும் பயன்படுத்த வேண்டிய நிலை வந்தது. போட்டிம் என்ற பெயர் எங்கள் ஊர் உம்மம்மாமாருக்குக் கூடத் தெரிந்தது அப்படித்தான்.

எங்கள் நாட்டிலும் நடந்தது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கம் எங்கள் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த அந்த வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வைபரும் நாடு முழுவதும் தடுக்கப்பட்டன. மறுபடி முழுமையாகத் திறக்க ஒரு வாரமானது. வெறுப்பைப் பரப்பும் பதிவுகளை நிறுத்த என்று அரசாங்கம் காரணம் சொன்னது. அந்தப் பதிவுகள் பரவியது உண்மை. ஆனால் கண்டிப் பக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க வாட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருந்த வீடுகளின் நிலை என்ன? அந்த இரவுகளில் பேசியது சாதாரண கோல்தான். வீட்டு போன் இருந்த வீடுகளுக்கு அக்கம் பக்கத்தார் வந்து விசாரித்தார்கள். பழைய கடை மேசை திரும்பி வந்த மாதிரி. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஏப்ரல் 30 வரை மறுபடியும் தடை. மே மாதத்தில் வடமேல், கம்பஹா பக்கம் கடைகள் தாக்கப்பட்டபோது இன்னொரு முறை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டக் காலத்தில் ஒரு நாளுக்கும் குறைவான நேரம். நான்கு வருடத்தில் பல தடவை. ஒவ்வொரு முறையும் நமக்கு ஆட்களின் குரல் மிகத் தேவைப்பட்ட நேரம் அது.

தடையை விடப் பொதுவான எதிரி கரண்ட். பழைய செப்புக் கம்பி போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து, அதே கம்பி வழியாக, ஏறக்குறைய 48 வோல்ட் அளவில் வருகிறது. வீட்டில் இருட்டானாலும் போன் பேசும். பைபர் போனும் 4ஜீ வீட்டு போனும் அப்படியல்ல. வெளியிலிருந்து ஒளியோ அலையோதான் வரும், மின்சாரம் வராது. சுவரில் இருக்கும் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் அந்த 051 இலக்கம் செத்துவிடும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது நாம் இதைப் பாடமாகவே படித்தோம்.

அதற்கு முன்பே கொரோனா இன்னொரு பாடம் நடத்தியிருந்தது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடின. பதுளை மாவட்டத்தில் லுணுகலைக்கு அருகே பொகிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து பாறை மேல் ஏறி சிக்னல் பிடித்த செய்தி உலகம் முழுக்கப் போனது. இங்கேயும் தேயிலை மலை உச்சியில் குடையோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நாங்கள் அறிவோம். ஒரு வீட்டில் ஒரு போன், அதுவும் வாப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான். இரவு எட்டு மணிக்கு அனுப்பப்பட்ட வீட்டுப்பாடங்கள் எத்தனை!

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலைப் பற்றி நீங்கள் எங்களுக்குச் சொல்வீர்கள், நாங்கள் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்சரிவில் வீதியும் ரயில் பாதையும் போயின. கரண்ட் போனது, பைபர் வயர்கள் அறுந்தன, பெட்டரி தீர்ந்த கோபுரங்கள் அடங்கின. நுவரெலியாவிலும் கண்டியிலும் இருக்கும் உறவுகளைத் தேடி வெளிநாட்டிலிருந்தவர்கள் நாட்கணக்கில் தவித்தார்கள். அந்த அளவு அழிவில் எந்தக் கம்பனியின் லைனும் முழுதாக நிற்காது. ஆனாலும் வெவ்வேறு வழியில் இரண்டு இணைப்பு இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் போகும் வாய்ப்பு குறைவு.

சரி, எதை எடுப்பது? இவ்வளவு கதையும் இதற்காகத்தான்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். குரல் மட்டும் பேச அதிக வேகம் தேவையில்லை. சாதாரணத் தரமுள்ள இணையக் குரல் அழைப்பு ஒரு திசைக்கு 100 கே.பி.பி.எஸ். கூட எடுக்காது. ஒரு மணித்தியாலம் பேசினால் இரண்டு பக்கமும் சேர்த்து 80 எம்.பி. அளவு. சூம் வகுப்பு வேறு, நல்ல படத்தோடு குழுவாகப் பேச 2 முதல் 4 எம்.பி.பி.எஸ். வேண்டும். அதிலும் டியூஷன் எடுப்பவருக்கு இறக்கும் வேகத்தைப் போலவே ஏற்றும் வேகமும் முக்கியம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறக்கும் வேகத்தை மட்டும்தான். ஏற்றும் வேகம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

வேகத்தை விடக் குரலைக் கெடுப்பது தாமதம். ஒருவர் பேசி மற்றவர் காதில் விழ 150 மில்லி செக்கனுக்குள் இருந்தால் இயல்பாக இருக்கும். கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் “ஹலோ ஹலோ” என்று மோதிக்கொள்வோம். பழைய செய்மதி அழைப்பில் அந்த மோதல் ஏன் இருந்தது என்றால், செய்மதி 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருந்தது. குரல் மேலே போய்க் கீழே வரவே கால் செக்கன். கடலடிக் கேபிள் வந்த பிறகு அது சரியானது. அந்தக் கேபிளும் சாகாவரம் பெற்றதல்ல. 2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டுக் கேபிள் அறுந்து நாட்டின் இணையமே முடங்கியது. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது. அதன் செய்மதிகள் 550 கிலோமீற்றர் அளவு உயரத்திலேயே ஓடுவதால் தாமதம் பெரிதல்ல. ஆனால் எங்கள் வருமானத்துக்கு அந்தக் கட்டணம் பெரிது. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் வட்டவளைப் பக்கத்தில் கடும் மழைக்குச் செய்மதி இணைப்பு தடுமாறவும் செய்யும். நாலு வீடு சேர்ந்து எடுப்பதா என்று யோசிப்பவர்கள் நிபந்தனைகளை வாசித்துவிட்டு இறங்குங்கள்.

பிரதான வீதியோரம் வீடு என்றால், பைபர் வருமானால், வீட்டு ஒபிசுக்கு அதுவே நல்லது என்பது எங்கள் முடிவு. செப்புக் கம்பி மூட்டுகளில் மழைத் தண்ணீர் இறங்கிக் கரகரக்கும், இடி விழுந்தால் மின்னல் உள்ளே வரும். பைபரில் அவை இல்லை. ஆனால் அதோடு கட்டாயமாக ரவுட்டருக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ். வாங்குங்கள். உங்கள் பெட்டிக்கு எத்தனை வோல்ட் என்று அடப்டரில் எழுதியிருக்கும், பெரும்பாலும் 12. அதற்குப் பொருந்துவதை எடுத்தால் சில மணித்தியாலம் தாங்கும். மின்வெட்டு நேரத்தில் வேலை நின்றால் சம்பளமும் நின்றுவிடும் பிள்ளைகளுக்கு இது ஆடம்பரமல்ல.

உள்ளே, தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு இங்கேதான் பழைய விலாசம் எழும்பி வருகிறது. வயர் இழுக்க வீட்டு இலக்கம் கேட்பார்கள், காணி யாருடையது என்று கேட்பார்கள், கம்பம் நடத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி கேட்பார்கள். தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபைகள் சேவை செய்ய வழிவிடும் சட்டத் திருத்தம் 2018இல்தான் வந்தது. அதுவரை தோட்டத்துப் பாதை கூடச் சபையின் வேலை இல்லை. ஆகவே அவசரத்துக்கு 4ஜீ ரவுட்டர்தான் வழி. அதில் ஒரு வேலை செய்யுங்கள். வாங்குவதற்கு முன் ஒவ்வொரு கம்பனியின் சிம்மும் இருக்கும் போன்களைக் கடன் வாங்கி, வீட்டுக்குள்ளே, மாலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் வேகத்தைப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பறக்கும் லைன், ஊரே போன் பார்க்கும் இரவில் நகராது. எங்கள் வீட்டில் முன் ஜன்னலில் நான்கு கோடு, சமையலறையில் ஒன்று. மலையின் எந்தப் பக்கச் சரிவில் வீடு இருக்கிறது என்பதுதான் இங்கே கம்பனியின் பெயரை விடப் பெரிய விடயம். வட்டவளையில் இருக்கும் மச்சானுக்கு நன்றாக வேலை செய்வது உங்களுக்குச் செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பொதிகளில் ஒரு சூட்சுமம். இரவு நடுநிசிக்குப் பிறகு மட்டும் பாவிக்கும் டேட்டாவையும் சேர்த்துப் பெரிய இலக்கமாகப் போடுவார்கள். பிள்ளை பாடம் படிக்கும் நேரத்துக்கு எவ்வளவு என்பதுதான் உங்கள் இலக்கம். குறித்த ஒரு செயலிக்கு மட்டும் என்று தரும் டேட்டா, அந்தச் செயலி தடுக்கப்படும் நாளில் வெறும் எண்.

வாட்ஸ்அப் இருந்தால் போதாதா என்ற கேள்விக்கு எங்கள் பதில், போதாது. வாட்ஸ்அப்பிலோ இமோவிலோ 119 எடுக்க முடியாது. 1990 அம்பியூலன்ஸ் எடுக்க முடியாது. அனர்த்த முகாமைத்துவத்தின் 117 எடுக்க முடியாது. அவை சாதாரண கோலில்தான் போகும். வீட்டு இணைப்பு ஒரு கம்பனி என்றால், கைபோன் சிம் ஒன்றாவது வேறு கம்பனியாக இருக்கட்டும். ஒரு கோபுரம் அடங்கினால் மற்றது பேசலாம். வேலை செய்யும் செப்புக் கம்பி போன் இன்னும் வீட்டில் இருக்கிறதா? மாத வாடகைக்காக அதை வெட்டிவிட அவசரப்படாதீர்கள், முக்கியமாக வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில். உம்மம்மாவுக்கு ஸ்கிரீனைத் தடவத் தெரியாது. ரிசீவரைத் தூக்கத் தெரியும்.

வீட்டு ஒபிசுக்காரர்களுக்கு மேலும் ஒன்று. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் இலக்கம் நிலையானதாக இருக்கட்டும். ரவுட்டரோடு வரும் 051 இலக்கத்தையே கொடுப்பதானால், நாளை கம்பனி மாறினால் அதே இலக்கத்தைக் கொண்டுபோக முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்குத் தெரிந்த தையல்காரத் தங்கச்சி ஒருவர் லைன் மாற்றிய மாதத்தில் பாதி ஓடரை இழந்தார். துணி தைப்பதில் குறை இல்லை. பழைய இலக்கத்துக்கு எடுத்தவர்களுக்குப் பதில் இல்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு கடதாசி வேலை. முக்கியமான பத்து இலக்கங்களைக் கையால் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்: 119, 1990, 117, கிராம சேவகர், பள்ளிவாசல், பக்கத்து வீடு, ஹற்றனில் ஒரு உறவு, கொழும்பில் ஒரு உறவு, வெளிநாட்டில் இருப்பவர், பிள்ளையின் வகுப்பாசிரியர். போன் பெட்டரி செத்தால் உள்ளே இருக்கும் இலக்கங்களும் அதோடு போய்விடும். எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் சொந்த உம்மாவின் இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று போன வாரம் கேட்டோம். முப்பத்தொரு பேரில் ஆறு பேர். இந்த வார வீட்டுப்பாடம் அதுதான், கேட்டுப் பாருங்கள்.